சவர்டோ ஸ்டார்ட்டர்: தமிழில் என்ன சொல்?

அன்புடையீர்,

ரொட்டி செய்முறை நூலொன்றின் மொழிபெயர்ப்பை இம்மாத இறுதிக்குள் ஒப்படைக்க வேண்டும். சவர்டோ என்னும் புளிப்பு ரொட்டியைப் பொங்கவைக்கும் ஸ்டார்ட்டருக்குச் சொல் அமையாமல் இரண்டாம் இயல் நிற்கிறது. கோதுமை மாவையும் நீரையும் சம எடையில் கலந்து, நாள்தோறும் ஒரு பங்கை மட்டும் வைத்துக்கொண்டு அதே எடையில் புது மாவும் நீரும் ஊட்டி வந்தால், காட்டு ஈஸ்ட்டும் லாக்டிக் அமில பாக்டீரியாவும் அதில் நிலைகொள்கின்றன. நன்கு பழகியபின் குளிர்சாதனப் பெட்டியில் வைத்து வாரம் ஒருமுறை ஊட்டினால் போதும். இந்த நிலையான கலவைக்கும், இதிலிருந்து ஒரு கரண்டி எடுத்து அன்றைய ரொட்டிக்கெனப் பெருக்கும் லெவானுக்கும் தனித்தனிச் சொற்கள் தேவை.

* * *

விவிலியத் தமிழில் ‘புளித்தமா’ இருக்கப் புதுச்சொல் எதற்கு? ‘கொஞ்சம் புளித்தமா பிசைந்தமா முழுவதையும் புளிப்பாக்கும்’ என்று கொரிந்தியருக்கு எழுதிய முதல் நிருபத்தின் ஐந்தாம் அதிகாரத்திலேயே இதன் வேலை சொல்லப்பட்டுவிட்டது. அதைப் ‘புளிமா’ என்று மட்டும் சுருக்கிவிடாதீர்கள். யாப்பு படித்தவர்களுக்கு நிரைநேர் என்னும் சீரின் வாய்பாடுதான் நினைவுக்கு வரும்.

* * *

புளித்தமா மாவின் நிலையைத்தான் சொல்கிறது. நேற்று அரைத்து மறந்துபோன தோசை மாவும் புளித்த மாவே. அதைவிடப் பெரிய சிக்கல், இரண்டாம் நாளே குமிழிகள் கிளம்பும்போது வரும். அவற்றைப் பெரும்பாலும் எழுப்புவது ஈஸ்ட் அன்று, வேறு பாக்டீரியாக்கள். அமிலம் ஏறியதும் அவை அடங்க, கலவை சில நாள் அசைவற்றுக் கிடந்து, பிறகே ஈஸ்ட் தலையெடுக்கிறது. ‘புளித்தமா’ என்று படித்தவர் முதல் பொங்கலிலேயே ரொட்டி சுடுவார், அல்லது மாவு செத்துவிட்டதென்று கொட்டிவிடுவார். இன்னொன்றை மாற்றும் ஆற்றல் வந்ததா என்பதே இங்குக் கேள்வி. அதற்கு நம்மிடம், பாலைத் தயிராக்க இடும் ‘உறை’ இருக்கிறது. ஆய்மகள் தன் நகத்தால் தெறித்த ‘குடப்பால் சில்லுறை’ புறநானூற்றின் 276ஆம் பாட்டில் வருகிறது. இன்று எடுத்துவைத்ததே நாளைக்கு உறையாவது தயிருக்கும் இதற்கும் பொது. ஆகவே ‘உறைமா’.

* * *

சங்கப் பாட்டு சமையலறைக்கு வழிகாட்டாது, ஐயா. ‘உறைமா’வை வினைத்தொகையாகக் கொண்டு உறைந்த மா, உறையும் மா என்று விரிப்பார்கள், அதுவும் குளிர்சாதனப் பெட்டி பற்றிய பக்கத்தில் ஐஸாகிப்போன மாவென்றே பொருள்படும். மேலும் பால் உறையும், மாவு பொங்கும். உறைக்கு இன்னொரு பெயரான பிரையைக் கொண்டு ‘பிரைமா’ என்றால் இக்குழப்பத்துக்குத் தப்பும், ஆனால் பிரை ஊற்றுவதைப் பல வட்டாரங்களில் ‘புரை குத்துவது’ என்கிறார்கள். புரை என்றால் மற்றவர்களுக்குக் கண்ணில் விழுவது. ‘நொதிமா’வும் ஆகாது, தமிழ்நாட்டுப் பாடநூல்களில் நொதி என்பது என்சைம்.

* * *

‘உறைமா’வில் உறை பெயர்ச்சொல், வினையன்று. உறைமோர் என்னும்போது யாரும் ஐஸ் மோரை நினைப்பதில்லை.

* * *

மறுமொழி தந்தவர்களில் பெரும்பாலோர் புளித்தமாவுக்கே வந்து சேர்ந்திருப்பதால், அச்சுக்கு அதையே அனுப்புகிறேன். குமிழிகளைப் பற்றிய எச்சரிக்கையை அடைப்புக்குறிக்குள் சேர்த்திருக்கிறேன். லெவான் இப்போதைக்கு லெவானாகவே இருக்கும்.

* * *

ஒரு சொல்லுக்கு முதல் பக்கத்திலேயே அடைப்புக்குறி தேவைப்பட்டால் அது கலைச்சொல் ஆகாது. சொல்லடைவில் ‘உறைமா’வையும் மாற்றுச் சொல்லாகச் சேர்க்கக் கோருகிறேன்.