கலைச்சொல் வேண்டும்: ஒருமுறை தேறி மறுமுறை தவறும் சோதனை

ம. (சேலம்) எழுதியது:

அன்புடையீர், வணக்கம்.

பாலிடெக்னிக் மாணவர்களுக்காக இணையதளச் சோதனை பற்றிய செய்முறைக் கையேடு ஒன்றைத் தமிழில் எழுதிக்கொண்டிருக்கிறேன். வெள்ளிக்கிழமை அச்சகத்துக்குக் கொடுக்க வேண்டும். மற்ற சொற்கள் ஒருவாறு அமைந்துவிட்டன. 'ஃப்ளேக்கி டெஸ்ட்' மட்டும் நான்கு நாளாக நகர மறுக்கிறது.

துறைக்கு வெளியே இருப்பவர்களுக்காகச் சொல்கிறேன். உலாவியைத் தானே இயக்கித் தளங்களைச் சோதிக்க உதவும் 'செலீனியம்' என்ற மென்பொருளில் ஒரு நிரல் எழுதினோம். அது தானே உலாவியைத் திறந்து, பயனர் பெயரை நிரப்பி, 'உள்நுழை' பொத்தானை அழுத்தி, அடுத்த பக்கத்தில் 'வணக்கம்' வந்திருக்கிறதா என்று பார்க்கும். வகுப்பில் பத்து முறை ஓட்டினோம். ஏழு முறை பச்சை (தேறியது), மூன்று முறை சிவப்பு (தவறியது). நிரலிலும் மாற்றமில்லை, தளத்திலும் மாற்றமில்லை. பொத்தான் திரையில் வந்துவிடுகிறது. அதை இயக்கும் ஜாவாஸ்கிரிப்ட் வந்து சேரச் சற்றுத் தாமதமாகிறது. நிரலுக்கு அந்தப் பொறுமை ஏது? அழுத்திவிடுகிறது, அழுத்தியது வீணாகிறது. மாணவர் ஒருவர் இடையில் ஐந்து நொடி தூங்கச் சொல்லி ஒரு வரி சேர்த்தார். அன்றைக்கு எல்லாம் பச்சை. மறுநாள் ஆய்வகத்தில் இணையம் மந்தமானதும் பழையபடி சிவப்பு.

'நிலையற்ற சோதனை' என்று எழுதி வைத்திருக்கிறேன். படிக்கும்போது துறவு வாடை அடிக்கிறது. உதவுங்கள்.

ப. (தஞ்சாவூர்) எழுதியது:

அம்மா, முதலில் 'சோதனை'யை விட்டுவிடுங்கள், வடசொல். 'தேர்வு' இருக்கும்போது கடன் எதற்கு? தேர்தல் என்றால் ஆராய்தல். 'தேரான் தெளிவும் தெளிந்தான்கண் ஐயுறவும் தீரா இடும்பை தரும்' என்ற குறளை உங்கள் மாணவர்களுக்குச் சொல்லுங்கள். ஆராயாமல் நம்புவதும், நம்பியபின் ஐயப்படுவதும் தீராத துன்பம். ஏழு பச்சை, மூன்று சிவப்பு என்று நீங்கள் சொன்ன துன்பமும் இதுதான்.

ஊசல் என்பது ஓரிடத்தில் நில்லாமல் அங்குமிங்கும் ஆடுவது. ஊசல் + தேர்வு. லகரத்தின் முன் தகரம் வந்தால் இரண்டும் றகரமாகும். ஆகவே 'ஊசற்றேர்வு'. கச்சிதமாக இருக்கிறது.

இ. (யாழ்ப்பாணம்) எழுதியது:

ஐயா, 'ஊசற்றேர்வு' என்பதை மூன்று முறை வாய்விட்டுப் படித்துப் பார்த்தேன். மூன்றாவது முறை தேர் ஏதோ தெருவில் வருவதுபோல் இருந்தது. தவிர, ஊசல் என்றால் கெட்டுப்போன சோறும்தானே? ஊசிப்போன தேர்வு என்று பிள்ளைகள் சிரிப்பார்கள்.

தமிழகத்தில் தேர்வு என்றாலே பரீட்சை. 'தேர்வு தவறியது' என்று கையேட்டில் போட்டால் மாணவர் தன் மதிப்பெண்ணைத் தேடுவார். எங்கள் ஊர்ப் பேச்சில் பரீட்சையைச் 'சோதினை' என்பார்கள் என்பதும் உண்மைதான். எங்களுக்குச் சோதனை என்றதும் சாவடியும் நினைவுக்கு வரும். ஆனாலும் மென்பொருளைச் சோதிப்பது என்றால் எவருக்கும் புரிகிறது. அதில் கை வைக்க வேண்டாம்.

கோ. (சென்னை) எழுதியது:

நான் இந்த வேலையில்தான் இருக்கிறேன். எங்கள் அலுவலகத்தில் 'ஃப்ளேக்கி' என்றே சொல்கிறோம், யாருக்கும் வயிற்றுவலி வரவில்லை. அகராதியில் 'ஃப்ளேக்' என்றால் செதில் என்று பார்த்து 'செதிற்சோதனை' என்று யாராவது எழுதுவதற்கு முன் இதைச் சொல்லிவிடுகிறேன்.

'செலீனியம்' என்ற பெயரே கேலியில் பிறந்தது. 2004இல் அதை உருவாக்கியவர் ஜேசன் ஹக்கின்ஸ். அப்போது இந்தத் துறையில் பெரிய போட்டி நிறுவனத்தின் பெயர் மெர்க்குரி, அதாவது பாதரசம். பாதரச நஞ்சுக்குச் செலீனியம் முறிவு, அவ்வளவுதான். வேர்ச்சொல் ஆராய்ச்சி செய்து யாரும் பெயர் வைக்கவில்லை.

இது சின்னச் சிக்கலும் அல்ல. தங்கள் சோதனை ஓட்டங்களில் ஏறத்தாழ 1.5 விழுக்காடு இப்படி முடிகிறது என்றும், சோதனைகளில் ஏறத்தாழ 16 விழுக்காட்டில் ஓரளவேனும் இந்தக் குறை இருக்கிறது என்றும் கூகுள் 2016இல் எழுதியது. மதில்மேல் பூனை எந்தப் பக்கம் குதிக்கும் என்று பார்த்திருப்பதே பாதி வேலை.

ம. எழுதியது:

'மதிற்பூனைச் சோதனை' என்று புணர்த்த ப. ஐயா வருவதற்குள் ஒன்று. இன்று ஆய்வகத்தில் சிவப்பைப் பார்த்த ஒரு மாணவி, 'மறுபடியும் சண்டித்தனம் செய்கிறது' என்றார். சண்டி மாடு! நன்றாகப் போய்க்கொண்டிருக்கும், திடீரென்று நடுவழியில் படுத்துக்கொள்ளும். 'சண்டிச் சோதனை' எப்படி?

ப. எழுதியது:

சண்டி தமிழ்தானா என்று பார்க்க வேண்டும். தொல்காப்பியர் 'சகரக் கிளவியும் அவற்றோ ரற்றே அ ஐ ஔ எனும் மூன்றலங் கடையே' என்கிறார். அதாவது ச, சை, சௌ மூன்றும் சொல்லுக்கு முதலில் வரா. அந்த விதிப்படி சண்டி வெளியே. சட்டி, சருகு, சப்பு எல்லாமும் வெளியே போக நேரும் என்பதால் 'அவை ஔ என்னும் ஒன்றலங் கடையே' என்று பாடம் கொள்வாரும் உண்டு. நன்னூலார் சகரத்துக்குப் பன்னிரண்டு உயிரையும் கொடுத்துவிட்டார். சருகு என்ற சொல் இல்லாமல் அக்காலத்தில் காய்ந்த இலையை என்ன சொன்னார்கள் என்பது என் நெடுநாள் ஐயம். சண்டியைச் 'சண்டை'யோடு சேர்ப்பதா, வடமொழிச் 'சண்ட'த்தோடு சேர்ப்பதா என்பதைத் தனி மடலில் விரிவாக எழுதுகிறேன்.

இ. எழுதியது:

ஐயா, அந்த விதி 'சோதனை'யை உள்ளே விடுகிறது, சட்டியை வெளியே நிறுத்துகிறது. கவனித்தீர்களா?

ம. அம்மாவிடம் இன்னொன்று, திரையில் எதையும் காட்டாமல் ஓடும் 'ஹெட்லெஸ்' உலாவிக்குக் கையேட்டில் என்ன போட்டிருக்கிறீர்கள்? 'தலையில்லா உலாவி' என்று ஓரிடத்தில் பார்த்தேன். தலையில்லாததை முண்டம் என்றுதான் சொல்வோம். பரணிக்காரர்கள் கவந்தம் என்று ஆடவிட்டிருப்பார்கள். 'திரையிலா உலாவி' போதும்.

கோ. எழுதியது:

'திரையிலா' நன்று, நானே எடுத்துக்கொள்கிறேன். சண்டி பிடித்திருக்கிறது, ஆனால் ஒரு தயக்கம். சண்டி மாடு என்று பெயர் வைத்துவிட்டால் அடுத்து வாலை முறுக்கத்தான் தோன்றும். எங்களிடம் அதுதான் நடக்கிறது: பச்சை வரும்வரை திரும்பத் திரும்ப ஓட்டுகிறார்கள். நுகத்தடி கழுத்தில் உரசிப் புண்ணாக்கியிருக்கிறதா என்று யாரும் குனிந்து பார்ப்பதில்லை. ஐந்து நொடி தூங்கச் சொல்வதும் வால் முறுக்கல்தான். பொத்தான் இயங்கத் தயாராகிவிட்டது என்பதற்கு இணையப் பக்கத்திலேயே ஓர் அடையாளம் இருக்கும்; அது வரும்வரை காத்திரு, வந்த நொடியில் அழுத்து என்று எழுத வேண்டும். பழியை மாட்டின் மேல் போடும் பெயர் மாணவருக்கு வேண்டாம் என்பது என் எண்ணம்.

ம. எழுதியது:

அச்சகத்திலிருந்து இரண்டு முறை அழைத்துவிட்டார்கள். 'ஊசலாடும் சோதனை' என்று போட்டுக் கொடுத்துவிட்டேன். புணர்ச்சி இல்லை, சோறு நினைவுக்கு வராது, இ. தம்பியும் கோ.வும் தனி மடலில் சரி என்றார்கள். 'வகுப்பில் சண்டிச் சோதனை என்றும் வழங்குகிறது' என்று அடியில் ஒரு வரி சேர்த்திருக்கிறேன், மாணவிக்காக. கோ. சொன்ன நுகத்தடியைப் பயிற்சி 7இல் அப்படியே பயன்படுத்திக்கொண்டேன்.

ப. எழுதியது:

'ஊசலாடும்' என்ற அளவில் மகிழ்ச்சி. 'சோதனை' பற்றிய என் மறுப்பு அப்படியே இருக்கிறது. இரண்டாம் பதிப்பு வரும்போது நினைவூட்டுவேன். சண்டி மடல் பாதி எழுதியாயிற்று. சருகில் நிற்கிறது.