கனடாவில் சஸ்கட்டூன் பக்கம் அக்ரியேஜ் (சில ஏக்கர் நிலத்தோடு வீடு), ரிப்போர்ட்டில் "மணல்" என்று இருக்கிறது. வெள்ளிக்குள் கையெழுத்துப் போடணும், உதவுங்கள்

தாமிரபரணி_தென்றல்:
எல்லோருக்கும் வணக்கம். போன அக்டோபரில்தான் கனடா வந்தோம். இரண்டு பிள்ளைகளோடு அப்பார்ட்மென்டில் இருக்க முடியவில்லை என்று என் வீட்டுக்காரர் ஊருக்கு வெளியே ஒரு அக்ரியேஜ் பார்த்து, அட்வான்ஸும் கொடுத்துவிட்டார். வீடு நன்றாகத்தான் இருக்கிறது. ஏஜென்ட் அனுப்பிய காகிதத்தில் மண் "சேண்டி லோம், வெல் டிரெயிண்டு, ஜென்ட்லி அண்டுலேட்டிங்" என்று போட்டிருக்கிறது. அதை வாட்ஸ்அப்பில் பார்த்த மாமனார், மணலில் அஸ்திவாரம் நிற்காது, கத்தரிச்செடிகூட வராது, அட்வான்ஸ் போனால் போகட்டும் விட்டுவிடுங்கள் என்று தினமும் போன் போடுகிறார். நேற்று ராத்திரி எங்களுக்குள் பெரிய சண்டை. வெள்ளிக்கிழமை கண்டிஷன் ரிமூவல், அதாவது நிபந்தனைகளை விலக்கி வாங்குவதை உறுதி செய்கிற நாள். மணல் என்றால் வேண்டாமா? ப்ளீஸ், யாராவது சொல்லுங்கள்.

வின்னிபெக்_வாசி:
சகோதரி, மண்ணை விடுங்கள். காருக்கு பிளாக் ஹீட்டர் (குளிரில் எஞ்சினைச் சூடாக வைக்கிற கருவி) போட்டாச்சா? ஊருக்கு வெளியே போகிறேன் என்கிறீர்கள், அதுதான் முதல் கேள்வி. நான் வந்த முதல் ஜனவரியில் மைனஸ் 40, வண்டி செத்துக் கிடக்க, மேனேஜர் "டாக்சி பிடித்து வா" என்றார். இத்தனைக்கும் நான் இருந்தது நகரத்துக்குள். நீங்கள் கிராவல் ரோட்டில் மாட்டிக்கொண்டால் யாரும் வரமாட்டார்கள். அப்புறம் மணல் எல்லாம் வேண்டாம். எங்கள் ரெட் ரிவர் பக்கம் பாருங்கள், கன்னங்கரேல் என்று களிமண், கோதுமையும் கனோலாவும் அள்ளிக் கொடுக்கும்.

ரெஜினா_ராப்பகல்:
களிமண்ணில் வீடு வாங்கச் சொல்கிற ஆளை இப்போதுதான் பார்க்கிறேன். ரெஜினா முழுக்க அந்தக் களிதான். மழைக்கு உப்பும், வறட்சிக்குச் சுருங்கும், பேஸ்மென்ட் சுவர் வெடிக்கும். எங்கள் வீட்டில் உத்திரத்தைத் தாங்கும் இரும்புத் தூண்களுக்கு அடியில் திருகு இருக்கிறது, தரை ஏற ஏற அதைத் திருகித் திருகி இறக்க வேண்டும். மாடிக் கதவு ஜூனில் மூடும், செப்டம்பரில் மூடாது. விரிசலை அடைக்க வந்த கான்ட்ராக்டர் பாதி வேலையில் காணாமல் போனது தனிக்கதை. மணல் கிடைக்கிறதா, கண்ணை மூடிக்கொண்டு வாங்குங்கள்.

பிராம்ப்டன்_பேஸ்மென்ட்:
எத்தனை ஏக்கரோ தெரியாது, உங்கள் பக்கத்து விலைக்கு இங்கே டொரண்டோ பக்கம் கார் நிறுத்தும் இடம்கூடக் கிடைக்காது. நாங்கள் ஐந்து பேர் ஒரு ஜன்னல் உள்ள பேஸ்மென்டில் இருந்தோம். கொடுத்து வைத்தவர்கள், சண்டை போடாமல் வாங்குங்கள்.

வடமராட்சி_அண்ணை:
தங்கச்சி, பயப்படாதேங்கோ. சேண்டி லோம் எண்டால் கடற்கரை மணல் இல்லை. மணல் பாதிக்கு மேலே இருக்கும், ஆனால் வண்டலும் கொஞ்சம் களியும் சேர்ந்திருக்கும், அதுதான் அதைப் பிடிச்சு வைக்கிறது. எங்கட ஊர்ச் செம்மண்ணிலும் தண்ணி நிக்காது, அதில்தானே வெங்காயமும் மிளகாயும் புகையிலையும் விளைவிச்சனாங்கள். ஆனால் நீங்கள் முக்கியமான ஒண்டையும் சொல்லேல்லை. சஸ்கட்டூனுக்கு எந்தப் பக்கம்? எத்தனை ஏக்கர்? குடிதண்ணி கிணறோ பைப்லைனோ? செப்டிக் என்ன வகை? வீடு மேட்டிலோ பள்ளத்திலோ? பிஆர், அதுதான் நிரந்தர வதிவுரிமை, வந்திட்டுதோ?

தாமிரபரணி_தென்றல்:
தெற்கே, டண்டர்ன் போகிற வழியில் அண்ணா. ஏறக்குறைய 10 ஏக்கர். பிஆர் இன்னும் வரவில்லை, வேலை பெர்மிட்தான். தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று தெரியவில்லை, குழாயைத் திறந்தால் வந்தது. செப்டிக் பற்றிக் கேட்கத் தோன்றவில்லை.

ரெஜினா_ராப்பகல்:
பிஆர் இல்லையா! இதை முதலிலேயே சொல்லியிருக்கலாமே. சஸ்காட்செவன் மாகாணத்தில் வெளிநாட்டவர் விவசாய நிலம் வைத்துக்கொள்ள 10 ஏக்கர்தான் வரம்பு. "ஏறக்குறைய" என்பதெல்லாம் ஆகாது, டைட்டிலில் (பத்திரத்தில்) 10.3 என்று இருந்தால் என்ன செய்வீர்கள்? வேலை பெர்மிட்டில் இருப்பவர் எந்தக் கணக்கில் வருவார் என்பதை இன்றைக்கே வக்கீலிடம் கேளுங்கள்.

பிராம்ப்டன்_பேஸ்மென்ட்:
பிஆர் பற்றிப் பேசாதீர்கள், வயிறு எரிகிறது. மார்க் பார்த்து ஆள் எடுக்கிற ஒவ்வொரு டிராவுக்கும் ராத்திரி உட்கார்ந்து பார்த்து, இரண்டு மார்க்கில் தவறவிட்டு, ஐஇஎல்டிஎஸ் மறுபடி எழுதி...

வின்னிபெக்_வாசி:
அதோடு தேங்காய் விலை. உடைத்தால் பாதி அழுகல், திருப்பிக் கொடுத்தால் ரசீது கேட்பான். கறிவேப்பிலைச் செடியை ஜன்னல் ஓரம் வைத்து நவம்பர் முதல் ஏப்ரல் வரை ஐசியூ நோயாளி மாதிரிப் பார்த்துக்கொண்டிருக்கிறோம். இந்த லட்சணத்தில் கத்தரிச்செடி பற்றி மாமனாருக்குக் கவலை.

ரெஜினா_ராப்பகல்:
ஊரில் இருப்பவர்களுக்கு இங்கே மே மாதத்தில் பனி கொட்டும் என்று சொன்னால் நம்புவதே இல்லை. என் அம்மா "வெயில் வந்ததும் வடகம் போடு" என்கிறாள்.

மண்வெட்டி_மச்சான்:
தேங்காய்க்குத் தனித் திரி போட்டுக்கொள்ளுங்கள் ஐயா, அந்தப் பெண்ணுக்கு வெள்ளிக்கிழமை கெடு. நான் இந்த மாகாணத்தில் மண் பரிசோதனை வேலையில் இருக்கிறேன்.

தங்கச்சி, உங்கள் மாமனார் சொல்வதில் பாதி சரி, அதுவும் அவர் நினைக்கிற காரணத்துக்காக இல்லை. பத்தாயிரம் வருஷத்துக்கும் முன்னால் பனிப்பாறை உருகிப் பின்வாங்கியபோது இந்தப் பகுதியில் பெரிய ஏரிகள் தேங்கின. ஆறு ஏரியில் விழுந்த வாயில் கனமான மணல் முதலில் படிந்தது, நுண்ணிய களி ஆழமான அமைதியான தண்ணீரில் போய்ப் படிந்தது. ரெஜினாக்காரர் திட்டுகிற களி அப்படி வந்ததுதான், சஸ்கட்டூன் கிழக்குப் பக்கத்திலும் உண்டு. உங்கள் பக்கம் மணல் படிந்த பக்கம். அதன்மேல் ஆயிரக்கணக்கான வருஷம் புல் முளைத்து, வேர் மக்கி, மேல்மண் கரும்பழுப்பு ஆனது. மண் வரைபடத்தில் அந்தச் சுற்றுவட்டாரத்தில் பிராட்வெல், அஸ்க்வித் என்ற பெயர்கள் வரும். பிராட்வெல் கொஞ்சம் கனம், அஸ்க்வித் லேசு. டண்டர்ன் பக்கம் நிஜமான மணல்மேடுகளும் இருக்கின்றன, அதனால் காகிதத்தை மட்டும் நம்ப வேண்டாம்.

ஏஜென்டிடம் நிலத்தின் செக்‌ஷன், டவுன்ஷிப், ரேஞ்ச் எண்ணை (நம் ஊர் சர்வே எண் மாதிரி) கேளுங்கள். சஸ்காட்செவன் பல்கலைக்கழகத்தின் மண் வரைபடம் இணையத்தில் இலவசம், 160 ஏக்கர் கால்செக்‌ஷன் வரைக்கும் பெரிதாக்கிப் பார்க்கலாம். அந்த வரைபடம் உங்கள் 10 ஏக்கருக்குள் எது எங்கே என்று சொல்லாது, அதற்கு மண்வெட்டிதான். அனுமதி கேட்டு முழங்கை ஆழத்துக்கு மேல் ஒரு குழி வெட்டுங்கள். மேலே ஒரு சாண் கரும்பழுப்பு, அதற்குக் கீழே பழுப்பு, இன்னும் கீழே வெளிறிய சுண்ணாம்பு அடுக்கு. அந்த வெளிறிய மண்ணில் வினிகர் விட்டால் புசுபுசுவென்று நுரைக்கும். துருப்பிடித்த மாதிரிப் புள்ளிகளும் சாம்பல் திட்டுகளும் மேலேயே தெரிந்தால் அங்கே தண்ணீர் தேங்குகிறது, "வெல் டிரெயிண்டு", அதாவது தண்ணீர் நன்றாக வடியும் என்று யார் எழுதியிருந்தாலும் சரி. பழுப்பு மண்ணை நனைத்து உருட்டுங்கள். உருண்டை பிடிக்க வேண்டும், கட்டைவிரலால் தள்ளி நாடாவாக நீட்டினால் ஓர் அங்குலத்துக்குள் ஒடிந்துவிட வேண்டும். உருண்டையே பிடிக்கவில்லை என்றால் அது மணல்.

வீட்டுக்கு இந்த மண் நல்லது. உப்பாது, சுருங்காது, செப்டிக் தண்ணீரையும் நன்றாக வாங்கிக்கொள்ளும். ஆனால் அந்தக் குணமேதான் வம்பு. தண்ணீர் வேகமாக இறங்கினால் செப்டிக்கில் இருப்பதும், பக்கத்து வயலில் போட்ட உரமும், மாட்டுக்கொட்டில் கழிவும் சேர்ந்தே இறங்கும். கிணறு ஆழமில்லாததாக இருந்தால் நைட்ரேட்டும் கிருமியும் வரலாம், கைக்குழந்தை இருந்தால் நைட்ரேட் விளையாட்டில்லை. நான் மண்ணைவிடத் தண்ணீருக்குத்தான் பயப்படுவேன்.

"ஜென்ட்லி அண்டுலேட்டிங்" என்பது மெல்லிய மேடு பள்ளம், நூறு அடிக்கு இரண்டு முதல் ஐந்து அடி வரை சரிவு. கேட்கச் சாதுவாக இருக்கும். ஏப்ரலில் பனி உருகும்போது அடியில் நிலம் இன்னும் உறைந்துதான் கிடக்கும், மணலாக இருந்தாலும் சீக்கிரம் உள்ளே இறங்காமல் நிறையத் தண்ணீர் பள்ளத்துக்கு ஓடலாம். இப்போது மே, போய்ப் பாருங்கள். வில்லோ புதர் வட்டமாக நிற்கும் இடம், கோரை, ஓரத்தில் வெள்ளை உப்புப் பூத்த தரை, இதெல்லாம் வீட்டுக்கோ செப்டிக்குக்கோ பக்கத்தில் வேண்டாம்.

வடமராட்சி_அண்ணை:
தோட்டத்துக்கும் நல்லது எண்டு சொல்லுங்கோ தம்பி, பிள்ளை அழுது போட்டுது. வசந்தத்தில் சீக்கிரம் சூடேறிற மண் இது. என்ர காரட் எல்லாம் நேராய் இறங்குது.

மண்வெட்டி_மச்சான்:
காரட், பீட்ரூட், உருளை எல்லாம் வரும் அண்ணா. ஆனால் தண்ணீர் இல்லாமல் வராது. சஸ்கட்டூனில் வருஷத்துக்கே 350 மில்லிமீட்டர் சுற்றித்தான், பனியையும் சேர்த்து. சென்னையில் அது 1400. ஒரு மீட்டர் ஆழச் சேண்டி லோமில் செடிக்குக் கிடைக்கிற ஈரம் 100, 120 மில்லிமீட்டர், களி கலந்த லோமில் 200 வரை வரும். ஜூலையில் பத்து நாள் மழை பொய்த்தால் முதலில் வாடுவது உங்கள் தோட்டம்தான். நில வகைப்பாட்டில் இந்த மண்ணுக்குப் பெரும்பாலும் 3எம் அல்லது 4எம் என்று போடுவார்கள், எம் என்றால் ஈரம் பற்றாது. மட்கிய எரு போட்டு, வைக்கோல் மூடாக்கு போட்டு, சொட்டுநீர் விட்டால் கத்தரியும் மிளகாயும் தாராளமாக எடுக்கலாம். நாற்றை மார்ச்சில் வீட்டுக்குள் விட்டு, ஜூன் முதல் வாரத்தில் வெளியே நடுங்கள். மண்ணை மட்டும் வெறுமனே உழுது போட்டுவிடாதீர்கள், 1930களில் இந்தச் சமவெளியில் அப்படித்தான் மேல்மண் காற்றில் போனது.

வின்னிபெக்_வாசி:
சரி, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பிளாக் ஹீட்டர்.

தாமிரபரணி_தென்றல்:
எல்லோருக்கும் நன்றி. இன்று போய் வந்தோம். வீட்டுக்காரர் கோபத்தை எல்லாம் குழியில் காட்டினார், நல்ல ஆழம். வினிகர் நுரைத்தது, சின்னவன் மொத்த பாட்டிலையும் ஊற்றிவிட்டான். உருண்டை பிடித்தது, நாடா உடனே ஒடிந்தது. வீடு மேட்டில்தான் இருக்கிறது. பின்பக்கம் ஒரு பள்ளத்தில் தண்ணீர், சுற்றி வில்லோ, ஆனால் தள்ளி. டைட்டிலில் 9.88 ஏக்கர், வக்கீல் நாளை கூப்பிடுகிறார். பிரச்சினை என்னவென்றால் கிணறு வெறும் 35 அடி, அகலமான சிமென்ட் வளையம் இறக்கியது. செப்டிக் கழிவு குழாய் வழியாக வெளியே பீய்ச்சுகிற ஜெட் வகையாம். விற்பவர் "இருபது வருஷமாக இதைத்தான் குடிக்கிறோம்" என்கிறார். இப்போது என்ன செய்வது?

மண்வெட்டி_மச்சான்:
அவர் குடித்தார் என்பது டெஸ்ட் ரிசல்ட் இல்லை. வெள்ளிக்கிழமை கண்டிஷனை விலக்காதீர்கள், விட்டுவிட்டு ஓடவும் வேண்டாம். தண்ணீர் பரிசோதனை முடிவு வரும் வரை தேதியைத் தள்ளி வைக்கச் சொல்லி ஏஜென்ட் மூலம் எழுத்தில் கேளுங்கள், வாய்வார்த்தை செல்லாது. ரெஜினாவில் மாகாண ஆய்வகம் இருக்கிறது, கிருமிக்குத் தனி பாட்டில், நைட்ரேட்டுக்குத் தனி, அவர்கள் தருகிற பாட்டிலில்தான் பிடிக்கவேண்டும். கிருமி பாட்டிலுக்குள் விரல் படக்கூடாது, உள்ளே இருக்கும் பொடியைக் கழுவிக் கொட்டிவிடாதீர்கள், பிடித்ததும் குளிரில் வைத்து அன்றைக்கே அனுப்புங்கள். சனி ஞாயிறில் மாட்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஜெட் குழாயின் வாய்க்கும் கிணற்றுக்கும் எவ்வளவு தூரம், அது கிணற்றுக்கு மேல்சரிவா கீழ்ச்சரிவா என்று டேப் பிடித்து அளந்து, அனுமதிக் காகிதம் இருக்கிறதா என்று சுகாதாரத் துறையில் கேளுங்கள். அந்தச் சாலையில் ரூரல் பைப்லைன் போகிறதா, இணைக்க எவ்வளவு என்று முனிசிபாலிட்டி ஆபீசில் விசாரித்து, அந்தத் தொகையை விலையில் குறைக்கச் சொல்லலாம்.

தாமிரபரணி_தென்றல்:
ஏஜென்டுக்கு மெயில் போட்டாச்சு. தூரம் அளக்கவில்லை, நாளைக் காலை டேப்போடு போகிறோம்.

ரெஜினா_ராப்பகல்:
போகும்போது பேஸ்மென்டில் ரேடான் (மண்ணிலிருந்து கசியும் கதிரியக்க வாயு) டெஸ்ட் எடுத்தார்களா என்றும் கேளுங்கள். காசு கம்மிதான்.