அசிட்ரோம் சாப்பிடும் அம்மாவுக்குக் கீரை கொடுக்கலாமா, காலை நீவிவிடலாமா?

மடிப்பாக்கம் வாசகி:
என் அம்மாவுக்கு வயது 64. இடது முழங்கால் மூட்டு மாற்று அறுவைச் சிகிச்சை முடிந்து வீடு திரும்பிய பிறகு அதே காலில் கெண்டைச்சதை வீங்கி, தொட்டால் சூடாகவும் வலியாகவும் இருந்தது. டாப்ளர் ஸ்கேனில் தொடை வரை ஆழ்சிரையில் ரத்தம் உறைந்திருப்பது தெரிந்தது. வயிற்றில் போடும் ஊசியோடு, ரத்தம் உறைவதைத் தடுக்கும் அசிட்ரோம் மாத்திரையும் தொடங்கினார்கள். இப்போது மாத்திரை மட்டும்தான். ஊரிலிருந்து வந்திருக்கும் பெரியம்மா, நல்லெண்ணெய் காய்ச்சி நீவிவிட்டால் கட்டி கரைந்துவிடும் என்கிறார். கீரையே ஆகாது என்கிறார்கள் பக்கத்து வீட்டில். அம்மாவுக்கோ முருங்கைக்கீரை இல்லாமல் சோறு இறங்காது. அடுத்த மாதம் திருநெல்வேலியில் ஒரு திருமணமும் இருக்கிறது. அழைத்துச் செல்லலாமா?

ஓய்வுபெற்ற செவிலியர், பெரம்பூர்:
தயவுசெய்து அந்தக் காலை நீவ விடாதீர்கள். பெரியம்மா அன்பினால்தான் சொல்கிறார், ஆனால் அழுத்தி நீவும்போது உறைகட்டியிலிருந்து ஒரு துண்டு பிரிந்து, இதயம் வழியாக நுரையீரல் ரத்தக்குழாயை அடைக்கக்கூடும். அது உயிருக்கே ஆபத்து. ரத்த ஓட்டம் மந்தமாவது, குழாயின் சுவர் காயப்படுவது, ரத்தமே எளிதில் உறையும் தன்மை பெறுவது என்று மூன்று காரணங்களை விர்கோ என்ற ஜெர்மன் மருத்துவரின் பெயரில் எங்களுக்குக் கற்றுக்கொடுத்தார்கள். மூட்டு அறுவைக்குப் பின் இந்த மூன்றுமே ஒரே காலில் கூடிவிடுகின்றன. மாத்திரை கட்டியைக் கரைப்பதில்லை. அது மேலும் வளராமல் தடுக்கிறது. கரைக்கும் வேலையை உடலே மெல்லச் செய்துகொள்கிறது. அதனால்தான் வீக்கம் வடிந்த பிறகும் குறைந்தது 3 மாதம் மருந்து தொடர வேண்டியிருக்கிறது. அம்மாவைப் படுக்கையிலேயே வைத்திருக்கவும் வேண்டாம். மருத்துவர் அனுமதித்த அளவு வீட்டுக்குள் நடக்கட்டும். திடீர் மூச்சுத்திணறல், மூச்சை இழுத்தால் நெஞ்சுவலி, இருமலில் ரத்தம், மயக்கம் ஆகியவற்றில் எது வந்தாலும் காத்திருக்காமல் 108-ஐ அழையுங்கள்.

மருந்தாளுநர், குரோம்பேட்டை:
கீரையை நிறுத்த வேண்டியதில்லை. அசிட்ரோம் வைட்டமின் கே-யின் வேலையைத் தடுக்கும் மருந்து. கீரையில் அந்த வைட்டமின் மிகுதி. ஒரு வாரம் தினமும் முருங்கைக்கீரை, அடுத்த வாரம் அறவே இல்லை என்று மாறினால்தான், ரத்தம் உறைய எவ்வளவு நேரமாகிறது என்று காட்டும் ஐ.என்.ஆர். அளவு ஏறி இறங்கும். வாரத்துக்கு வாரம் ஏறக்குறைய ஒரே அளவு சாப்பிட்டால், மருத்துவர் அதற்கேற்ப மாத்திரையைச் சரிசெய்துவிடுவார். ஐ.என்.ஆர்.-ஐப் பொதுவாக 2-க்கும் 3-க்கும் இடையில் வைத்திருப்பார்கள்.

கீரையைவிட எனக்குக் கவலை தருவது தெருமுனைக் கடையில் வாங்கும் மூட்டுவலி மாத்திரைதான். டைக்ளோஃபினாக், ஐபுபுரூஃபன், ஆஸ்பிரின் போன்றவை ரத்தக்கசிவு அபாயத்தைக் கூட்டும். வயிற்றுப்போக்குக்கு நாம் சாதாரணமாகக் கேட்டு வாங்கும் மெட்ரோனிடசோல்கூட ஐ.என்.ஆர்.-ஐ உயர்த்திவிடும். காய்ச்சல் என்று எந்த கிளினிக்குக்குப் போனாலும் முதலில் அசிட்ரோம் சாப்பிடுவதைச் சொல்லுங்கள். இடுப்பில் ஊசி போட்டால் தசைக்குள் ரத்தம் கட்டிக்கொள்ளும். மலம் கறுப்பாகப் போனாலோ, கீழே விழுந்து தலையில் அடிபட்டாலோ, வலி இல்லாவிட்டாலும் உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

அண்ணாநகர் வாசகர்:
எனக்கும் காலில் இதே பிரச்சினை வந்து சிகிச்சை முடிந்தது. பயணத்தை முடிவுசெய்யும் முன் அறுவை செய்த மருத்துவரிடம் கேட்பதுதான் சரி, ஏனென்றால் நான்கு மணி நேரத்துக்கு மேல் அசையாமல் உட்கார்ந்து செல்லும் எந்தப் பயணமும் அபாயத்தைக் கூட்டுகிறது. அவர் சம்மதித்தால் பேருந்தையும் காரையும் தவிர்த்து, எழும்பூரிலிருந்து ரயிலில் கீழ்ப்படுக்கை கிடைக்கும்படி பதிவு செய்யுங்கள். விழித்திருக்கும்போது துணையோடு அவ்வப்போது நடக்கட்டும். உட்கார்ந்தபடியே கணுக்காலை மேலும் கீழும் அசைக்கட்டும். கழிப்பறைக்குப் போகத் தயங்கித் தண்ணீரைக் குறைக்கிறார்களா என்பதையும் கவனியுங்கள், நம் வீட்டுப் பெண்கள் பலர் அப்படித்தான் செய்கிறார்கள்.

மடிப்பாக்கம் வாசகி:
அனைவருக்கும் மனமார்ந்த நன்றி. எண்ணெய் நீவலை நிறுத்திவிட்டோம், பெரியம்மாவும் புரிந்துகொண்டார். ஒரு வேளை மாத்திரை மறந்துபோனால் மறுநாள் இரண்டாகக் கொடுக்கலாமா?

மருந்தாளுநர், குரோம்பேட்டை:
கூடாது. அதே நாளில் நினைவுவந்தால் கொடுங்கள். மறுநாள்தான் தெரிந்தால் விட்டதை விட்டுவிட்டு வழக்கமான அளவை மட்டும் கொடுங்கள். விடுபட்ட தேதியைக் குறித்துவைத்து, அடுத்த ஐ.என்.ஆர். பரிசோதனையின்போது மருத்துவரிடம் காட்டுங்கள்.