கரிசல் மண்ணில் கார் பாதை: டைல்ஸா, கான்கிரீட்டா, பேவர் பிளாக்கா?

கரிசல்வீடு (கோவில்பட்டி):

வணக்கம். கோவில்பட்டிக்குப் பக்கத்தில் வீடு கட்டி முடிக்கும் கட்டத்தில் இருக்கிறோம். பூச்சு, பெயிண்ட் எல்லாம் முடிந்துவிட்டது. பாக்கி இருப்பது கேட்டிலிருந்து போர்டிகோ வரை கார் வருகிற பாதை மட்டும்தான். 11 அடி அகலம், 34 அடி நீளம்.

மண் முழுக்கக் கரிசல். சித்திரையில் வெடிப்பு விட்டால் என் மகனின் கை முழங்கை வரை உள்ளே போகிறது. ஐப்பசி மழையில் அதே மண் செருப்பைப் பிடித்துக்கொண்டு விடாது. எதிர் வரிசையில் ஒரு வீட்டில் போன வருடத்துக்கு முந்தின வருடம் கான்கிரீட் போட்டார்கள். இரண்டாவது மழைக்காலத்தில் நடுவில் நீளவாக்கில் பிளந்து, ஒரு பக்கம் மேலே தூக்கிக்கொண்டது. கேட் தரையில் உரசித் திறக்க முடியாமல், வெல்டரைக் கூப்பிட்டு அடிப்பக்கம் இரண்டு இன்ச் வெட்டி எடுத்தார்கள். அதைப் பார்த்ததிலிருந்து எனக்குப் பயமாக இருக்கிறது.

எங்கள் கொத்தனார் பார்க்கிங் டைல்ஸ் போடச் சொல்கிறார். வீட்டுக்காரர் நாலு இன்ச் கான்கிரீட் போதும் என்கிறார். தம்பி பேவர் பிளாக் என்கிறான். வீட்டில் ஒரு ஸ்விஃப்ட், இரண்டு ஸ்கூட்டர். கோடையில் தண்ணீர் லாரி உள்ளே வந்து போர்டிகோ பக்கத்தில் இருக்கும் சம்பில் இறக்கும். பாதையிலிருந்து ஆறடி தள்ளி ஒரு பெரிய வேப்பமரம். அதை வெட்ட மாட்டோம்.

இன்னொரு விஷயம். தெருவில் பேவர் பிளாக் போட்டதிலிருந்து அத்தைக்கு வாசலில் கோலம் சரியாக வருவதில்லை. கல்லுக்குக் கல் இருக்கும் இடுக்கில் மாவு விழுந்து இழை அறுந்து போகிறது. உள்ளேயும் அதே கல்லைப் போட்டால் மார்கழிக்கு எங்கே போவேன் என்று கேட்கிறார். 72 வயது. அவருக்காக ஏதாவது செய்ய வேண்டும்.

அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

நொய்யல்காரி (கோவை):

டைல்ஸ் மட்டும் வேண்டாங்க. நாங்கள் போட்டு அனுபவித்துவிட்டோம்.

கடையில் பார்க்கும்போது சொரசொரப்பாக, அழகாகத்தான் இருந்தது. போட்டவர்கள் டைலுக்கு அடியில் கலவையை முழுசாகப் பரப்பாமல் நாலு மூலைக்கும் நடுவுக்கும் உருண்டை உருண்டையாக வைத்து அழுத்திவிட்டுப் போனார்கள். எனக்கு அப்போது தெரியவில்லை. ஒரு வருடம் கழித்து நாணயத்தால் தட்டிப் பார்த்தால் பாதி டைல் கொட்டு மாதிரி சத்தம் போடுகிறது. கார் டயர் ஏறும் இரண்டு கோட்டிலும் வரிசையாக விரிசல். மாற்றலாம் என்று போனால் அந்த நிறம், அந்த டிசைன் இப்போது வருவதில்லை என்றார்கள். வேறு நிறத்தில் ஒட்டுப்போட்டு வைத்திருக்கிறோம்.

அதைவிட, டைலின் சொரசொரப்பில் அழுக்கு ஏறி, மழை நாளில் பாசி பிடித்துவிட்டது. அப்பா செருப்போடு வழுக்கி விழுந்து மணிக்கட்டு எலும்பு விட்டுவிட்டது. வீட்டில் 72 வயதில் ஒருவர் இருக்கிறார் என்றதும் இதை எழுதாமல் இருக்க முடியவில்லை.

கடலோரவாசி (திருவான்மியூர்):

எங்கள் வீட்டில் புல் பேவர் போட்டோம். கட்டம் கட்டமாக ஓட்டை விட்ட கான்கிரீட் கல், ஓட்டைக்குள் புல். மழைத் தண்ணீர் ஒரு சொட்டு வெளியே போவதில்லை, அப்படியே மண்ணுக்குள் இறங்கிவிடுகிறது. வெயிலில் தரை சூடாவதும் குறைவு. நீங்களும் யோசித்துப் பாருங்கள். நிலத்தடி நீருக்கும் நல்லது.

பழைய ஓவர்சியர் (அருப்புக்கோட்டை):

அம்மா, உங்கள் கேள்வியில் மண்ணைப் பற்றி முதலில் எழுதினீர்களே, அதுவே பாதி விடை. 31 வருடம் விளாத்திகுளம், எட்டயபுரம் பக்கமெல்லாம் சாலை வேலை பார்த்தவன் நான். கரிசலில் மேலே என்ன போடுவது என்பது கடைசிக் கேள்வி. கீழே என்ன போடப் போகிறீர்கள் என்று உங்கள் கொத்தனாரிடம் கேளுங்கள். பதில் வரவில்லை என்றால் அவரிடம் இந்த வேலையைக் கொடுக்காதீர்கள்.

திருவான்மியூர் நண்பர் சொன்னது அவர் ஊருக்கு நூற்றுக்கு நூறு சரி. அங்கே கடற்கரை மணல், எவ்வளவு தண்ணீர் விட்டாலும் குடித்துவிட்டுச் சும்மா இருக்கும். கரிசல் தண்ணீர் குடித்தால் உப்பும், காய்ந்தால் சுருங்கும். அதன் மேல் புல் பேவர் போட்டால் நாமே ஓட்டை வைத்து மண்ணுக்குத் தண்ணீர் ஊற்றுவது போல ஆகிவிடும். உங்கள் இடத்தில் தண்ணீர் மேலாகவே ஓடி வெளியே போக வேண்டும். மழைநீர் சேகரிப்புத் தொட்டியையும் பாதைக்கு அடியில் வைக்காமல் வீட்டிலிருந்தும் பாதையிலிருந்தும் தள்ளி வையுங்கள்.

எதிர் வீட்டில் நடந்தது இதுதான். ஓரத்து மண்ணில் ஈரம் ஏறி உப்பியது, நடுவில் மண் காய்ந்தே கிடந்தது. ஒரே பலகையாகக் கிடக்கும் கான்கிரீட் வளையாது, பிளக்கத்தான் செய்யும். உங்கள் வீட்டுக்காரர் சொல்லும் நாலு இன்ச் இந்த மண்ணுக்கும் தண்ணீர் லாரிக்கும் தாங்காது. கான்கிரீட்தான் வேண்டும் என்றால் ஆறு இன்ச் கனம், பத்தடிக்கு ஒரு வெட்டு, இரண்டு வாரம் தண்ணீர் கட்டி நிறுத்துவது என்று எல்லாம் வேண்டும். அப்படிச் செய்தும் ஒரு நாள் தூக்கிக்கொண்டால் உடைப்பதைத் தவிர வழி இல்லை.

அதனால் உங்கள் தம்பி பக்கம்தான் நான். பேவர் பிளாக்கும் இறங்கும், ஏறும். ஆனால் இறங்கிய இடத்தில் நாற்பது கல்லைக் கழற்றி, மணலைச் சரிசெய்து, அதே கல்லை அதே இடத்தில் அடுக்கிவிடலாம். அரை நாள் வேலை. வேப்பமரம் இருப்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன். கோடையில் அதன் வேர் ஈரத்தை உறிஞ்ச உறிஞ்ச அந்தப் பக்கத்து மண் இன்னும் அதிகமாகச் சுருங்கும். மூன்று நான்கு வருடத்தில் ஒரு பள்ளம் விழலாம். பதற வேண்டாம், கழற்றி அடுக்கிக்கொள்ளலாம்.

இப்போது அடித்தளம். பாதை முழுவதும் இரண்டடி ஆழத்துக்குக் கரிசலைத் தோண்டி வெளியே எடுத்துவிடுங்கள். குழியின் அடிமண் சுக்காகக் காய்ந்திருந்தால் லேசாக நனைத்து ஈரப்படுத்திய பிறகே நிரப்ப வேண்டும். காய்ந்த மண்ணின் மேல் கட்டிவிட்டால் முதல் மழைக்கே உப்பித் தள்ளும். பிறகு ஒன்றரை அடிக்குச் சிவப்புச் சரள் மண். மொத்தமாகக் கொட்டி மேலே மட்டும் தட்டக் கூடாது. ஆறு இன்ச் கொட்டி, தண்ணீர் தெளித்து, ரோலர் ஓட்டி, அது இறுகிய பிறகு அடுத்த ஆறு இன்ச். திம்சுக் கட்டையால் நாலு குத்துக் குத்திவிட்டுப் போதும் என்பார்கள், விடாதீர்கள். உங்கள் அளவுக்கு 561 கன அடி வருகிறது. யூனிட் என்பது நூறு கன அடி. இறுகும்போது குறையும் என்பதால் ஏழு யூனிட்டுக்கு மேல் வாங்க வேண்டியிருக்கும். மூன்று யூனிட் டிப்பரில் இரண்டரை லோடு.

சரளுக்கு மேல் எட்டு இன்ச் ஜல்லியும் கிரஷர் தூளும் ஈரமாகக் கலந்த கலவை, அதையும் இரண்டு அடுக்காக ரோலர் போட்டு. தண்ணீர் ஓடப் பாதைக்கு வேண்டிய வாட்டத்தை, அதாவது சரிவை, இந்த அடுக்கிலேயே கொண்டுவந்துவிட வேண்டும். 11 அடி அகலத்துக்கு வீட்டுச் சுவருக்கு எதிர்ப்பக்கமாக இரண்டு இன்ச் இறக்கம் போதும். அந்த ஓரத்தில் ஒரு சின்ன வாய்க்கால் கட்டித் தெருவுக்கு விடுங்கள். வீட்டு அஸ்திவாரத்தை ஒட்டித் தண்ணீர் நிற்கவே கூடாது. ஜல்லி இறுகிய பிறகு ஒன்றரை இன்ச் மணல், அதன் மேல் கல். வாட்டம் கிடைக்கவில்லை என்று மணலைக் கூட்டிக் குறைத்தால் அந்த இடம் டயர் பட்டு இறங்கிவிடும். எல்லாம் முடியும்போது பாதை இப்போதைய தரைக்கு அரையடி மேலே நிற்கும். அப்படித்தான் நிற்க வேண்டும்.

கல்லுக்கு வருகிறேன். இந்திய தர நிர்ணயம் ஐ.எஸ். 15658-இன் கணக்குப்படி கார் மட்டும் வரும் பாதைக்கு 60 மி.மீ. கனம், எம்-35 தரம் போதும் (எம் எண் கூடினால் கல்லின் வலிமை கூடும்). உங்களுக்குத் தண்ணீர் லாரி வருவதால் 80 மி.மீ., எம்-40 வாங்குங்கள். ரப்பர் மோல்டில் வார்த்த கல் பளபளவென்று இருக்கும், நிறமும் அள்ளும். அதை வாங்க வேண்டாம், மழையில் வழுக்கும். மெஷினில் அழுத்தி எடுத்த கல்தான் பாதைக்கு. 200-க்கு 100 மி.மீ. செங்கல் வடிவம் என்றால் சதுர மீட்டருக்கு 50 கல், உங்கள் பாதைக்குச் சுமார் 1,740. வெட்டுக்கும் உடைசலுக்கும் சேர்த்து 1,830 சொல்லுங்கள்.

லோடு இறக்கும் முன்பு ஒரு சோதனை. மூன்று நான்கு கல்லை வாங்கி வந்து நன்றாக வெயிலில் காயவைத்து, சமையலறைத் தராசில் எடை பாருங்கள். 80 மி.மீ. கல் ஒன்று 3.8 கிலோ பக்கம் இருக்கும். ஒரு நாள் முழுக்கத் தண்ணீரில் ஊறப்போட்டு, எடுத்துத் துடைத்துவிட்டு மறுபடி எடை. நூற்றுக்கு ஆறுக்கு மேல் தண்ணீர் குடிக்கக் கூடாது. அதாவது 230 கிராம் வரை கூடலாம். 400 கிராம் கூடினால் அந்தக் கல்லில் சிமெண்ட் இல்லை என்று அர்த்தம். வீட்டுச் சோதனைதான், ஆய்வகம் ஆகாது. இருந்தாலும் மோசமான கல்லைக் காட்டிக்கொடுத்துவிடும்.

இரண்டு ஓரமும் கர்ப் கல்லை கான்கிரீட்டில் பதித்துவிடுங்கள். அது இல்லாவிட்டால் கார் திரும்பத் திரும்பக் கல் வரிசை வெளிப்பக்கம் நகரும். கல்லை நேர்வரிசையாக அடுக்காமல் குறுக்கும் நெடுக்குமாக மீன் முள் மாதிரி அடுக்கச் சொல்லுங்கள். பிரேக் போடும்போது ஒன்றை ஒன்று பிடித்துக்கொள்ளும்.

கரிசல்வீடு:

ஐயா, இவ்வளவு விரிவாக எழுதியதற்கு எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை. எழுதியதை வீட்டுக்காரரிடம் வாசித்துக் காட்டினேன். நேற்று ஓரிடத்தில் இரண்டரை அடி தோண்டிப் பார்த்தோம், அடியிலும் கரிசல்தான். கொத்தனாரிடம் "கீழே என்ன போடுவீர்கள்" என்று கேட்டேன். "மணலைத் தட்டிவிட்டு அப்படியே ஒட்டிவிடலாம்மா" என்றார். வேறு ஆள் பார்க்கிறோம். கோவை அக்கா, அப்பாவுக்கு இப்போது கை பரவாயில்லையா?

இரண்டு சந்தேகம். லாரியை உள்ளே விடாமல் இருந்தால் நல்லதா? அப்புறம் அத்தையின் கோலம்.

நொய்யல்காரி:

அப்பாவுக்குச் சரியாகிவிட்டதுங்க. வாளி மட்டும் இன்னும் இடது கையில்தான் தூக்குகிறார்.

பழைய ஓவர்சியர்:

விடாமல் இருந்தால் ரொம்ப நல்லது. நிறைந்த தண்ணீர் லாரி பத்து டன்னுக்கு மேல் நிற்கும், உங்கள் கார் ஒரு டன் பக்கம்தான். குழி தோண்டும்போதே கேட்டிலிருந்து சம்பு வரை ஓரமாக ஒரு பிவிசி பைப்பைப் புதைத்து, கேட் பக்கம் வாயை மூடி வையுங்கள். லாரி தெருவில் நின்றபடியே இறக்கிக்கொள்ளும். கூடவே ஒரு காலிப் பைப்பும் குறுக்கே போடுங்கள், பின்னால் கேட் விளக்குக்கு ஒயர் இழுக்க உதவும். கல் என்னவோ 80 மி.மீ.-யே இருக்கட்டும்.

கோலத்துக்குக் கேட்டுக்கு உள்ளே கிரானைட் பதியுங்கள். பாலிஷ் போட்டது வேண்டாம், நெருப்புக் காட்டிச் சொரசொரப்பாக்கிய கல்லைக் கேளுங்கள். ஃப்ளேம்டு என்றால் கடையில் தெரியும். அடர் சாம்பல் நிறத்தில் மாவு எடுத்துத் தெரியும். கார் ஏறுவதால் இரண்டு இன்ச் கனம் வேண்டும், அடியில் கான்கிரீட், கலவை முழுசாகப் பரப்பி, தட்டினால் எங்கேயும் வெற்றுச் சத்தம் வராதபடி. அத்தை எத்தனை புள்ளி வைப்பார்?

கரிசல்வீடு:

மார்கழியில் 21 புள்ளி. விரல் அளவில் இடைவெளி, இரண்டரை இன்ச் இருக்கும்.

பழைய ஓவர்சியர்:

அப்படியென்றால் நாலே கால் அடி. பார்டர் போட இடம் விட்டு ஐந்துக்கு ஐந்து வைத்துக்கொள்ளுங்கள். ஒரே பாளமாக வாங்கினால் 300 கிலோவுக்கு மேல் வரும், பதிக்க முடியாது. இரண்டரை அடிச் சதுரமாக நாலு துண்டு வாங்குங்கள். இடுக்கு மூன்று மி.மீ.-க்கு மேல் போகாமல் நிரப்பச் சொல்லுங்கள். இழை அறுக்காது. பதிக்கும் முன் துண்டுகளைச் சும்மா தரையில் அடுக்கி, அத்தையைக் கூப்பிட்டு ஒரு தடவை புள்ளி வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். நடு இடுக்கு புள்ளி வரிசையின் மேலேயே வரட்டுமா, இரண்டு வரிசைக்கு நடுவில் வரட்டுமா என்பதை அவர்தான் சொல்ல வேண்டும்.