ஏஜென்டுக்கான கருவி விளக்கம் எவ்வளவு நீளம் இருக்கலாம்?

நண்பர்களுக்கு வணக்கம். ஒரு ஏஐ ஏஜென்டுக்காக (கருவிகளைத் தானே அழைத்து வேலை செய்யும் ஏஐ) கருவி விளக்கங்கள் எழுதிவருகிறேன்; அதாவது, ஒவ்வொரு கருவியும் என்ன செய்யும், எப்போது அழைக்க வேண்டும் என்று அதற்குச் சொல்லும் குறிப்புகள். ஓரிடத்தில் உங்கள் யோசனை தேவைப்படுகிறது.

'ஆர்டர் தேடல்', 'ஆர்டர் விவரம்' என இரண்டு கருவிகள். முதலாவது, பெயரையும் தேதியையும் வைத்துப் பட்டியல் தரும். மற்றது, ஆர்டர் எண்ணைக் கொடுத்தால் அந்த ஒன்றை மட்டும் விரித்துக் காட்டும். எண் கையில் இருக்கும்போதும் ஏஜென்டை இயக்கும் மொழி மாடல் தேடலையே அழைத்துக்கொண்டிருந்தது. "ஆர்டர் எண் தெரிந்தால் இதை அழைக்காதே, 'ஆர்டர் விவரம்' கருவியை அழை" என்று தேடலின் விளக்கத்தில் சேர்த்த பிறகு பெருமளவு சரியாகிவிட்டது. எப்போது அழைக்கக் கூடாது என்பதையும் எழுதியே ஆக வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம். நிரலுக்குள் நடப்பது மாடலுக்குத் தெரியாது; பெயர், விளக்கம், அளவுருக்கள் (கருவிக்குத் தர வேண்டிய உள்ளீடுகள்) இவைதான் அதன் கண்ணில் படுகின்றன.

தேதிக்கு '2025-03-07' என்று மாதிரி காட்டியதும், ஆர்டர் நிலைக்கு ஏற்கத்தக்க மதிப்புகளை ஜேசன் ஸ்கீமாவில் (அளவுருக்களின் வடிவத்தைச் சொல்லும் வரையறையில்) குறிப்பிட்டதும் நல்ல பலன் தந்தன.

இப்போது சிக்கல் நீளத்தில்தான். கருவிகள் கூடக் கூட, விளக்கங்களே ஒவ்வொரு அழைப்பிலும் ஏராளமான டோக்கன்களை (மாடல் உரையைப் பிரித்துப் படிக்கும் துண்டுகளை) விழுங்குகின்றன. இரண்டையும் ஒரே கருவியாக்குவது நல்லதா? 'எப்போது அழைக்கக் கூடாது' போன்ற விதிகளை சிஸ்டம் பிராம்ப்டுக்கு (மாடலுக்குத் தொடக்கத்தில் தரும் பொது அறிவுறுத்தலுக்கு) மாற்றலாமா? செய்து பார்த்தவர்கள், சுருக்குவதற்கு முன்னும் பின்னும் இருந்த விளக்கம் ஒன்றை அப்படியே இங்கே இட்டால் பேருதவியாக இருக்கும்.