ஸ்டோரிவில்லுக்குப் பூட்டுப் போட்டதால் ஜாஸ் செத்ததா? ராணிப்பேட்டை அண்ணனுக்கு ஒரு கேள்வி

தோட்டப்பாளையம் டிரம்பெட்

நம் வேலூர் குழுவில் ராணிப்பேட்டை ராஜபாட்டை நேற்று ஒரு பயணக் கதை எழுதியிருந்தார். தோல் கண்காட்சிக்காக அமெரிக்கா போனவர் நியூ ஆர்லியன்ஸையும் எட்டிப் பார்த்தாராம். பார்த்த கையோடு தீர்ப்பும் சொல்லிவிட்டார்: "ஜாஸ் இசை பிறந்தது ஸ்டோரிவில் என்ற சிவப்பு விளக்குப் பகுதியில். 1917-ல் அதை மூடியதும் வாசிக்கிறவர்கள் எல்லோரும் சிகாகோவுக்கு ரயில் ஏறிவிட்டார்கள். அன்றைக்கே அந்த ஊரில் ஜாஸ் செத்தாச்சு. இப்போது போர்பன் தெருவில் இருப்பது குடியும் கரோக்கியும்தான்." இதற்கு ஏகப்பட்ட லைக் வேறு.

என் அப்பா காலத்திலிருந்து எங்கள் வீட்டில் பேண்ட் செட். உதடு தடித்துப்போன பரம்பரை. இதைப் படித்துவிட்டுச் சும்மா போக முடியவில்லை.

கடற்படை நெருக்கியதால் ஸ்டோரிவில்லை மூடியது 1917 நவம்பர் 12. ஒரிஜினல் டிக்ஸிலேண்ட் ஜாஸ் பேண்ட் என்ற நியூ ஆர்லியன்ஸ் கோஷ்டி முதல் ஜாஸ் ரெக்கார்டை விக்டர் கம்பெனிக்கு வாசித்தது அதே 1917, பிப்ரவரி 26, நியூயார்க்கில். அவர்கள் ஊரைவிட்டுச் சிகாகோ போனதோ 1916-ல். அண்ணனுக்கு ஒரே கேள்வி: பிப்ரவரி முதலில் வருமா, நவம்பர் முதலில் வருமா?

ராணிப்பேட்டை ராஜபாட்டை

டிரம்பெட் சார், கோட்டை அகழி விவாதத்தில் வாங்கியது இன்னும் வலிக்கிறது போல. அந்தக் கோபத்தை ஜாஸ் மேல் காட்டாதீர்கள்.

ஒரு கோஷ்டி முன்னாடியே போனால் என்ன? நான் சொன்னது கூட்டமாகப் போனதை. ஜாஸ் வித்வான் கிங் ஆலிவர் 1918 வாக்கில் சிகாகோ போனார். அவர் கூப்பிட்டு லூயி ஆம்ஸ்ட்ராங் போனார். இரண்டு பேரும் ஸ்டோரிவில் காற்றைக் குடித்தவர்கள். ஆம்ஸ்ட்ராங் சின்னப் பையனாக அந்தத் தெருக்களில் வண்டியில் கரி கொண்டுபோய் விற்றவர். தொழில் நடக்கிற இடத்தை மூடினால் தொழிலாளி ஊரைவிட்டுத்தான் போவான். 1996-ல் தோல் பதனிடும் டேனரிகள் விஷயமாக சுப்ரீம் கோர்ட் தீர்ப்பு வந்தபோது எங்கள் பக்கம் பட்ட பாடு எங்களுக்குத் தெரியும். பேண்ட் அடிக்கிறவருக்கு அது தெரியாது.

தோட்டப்பாளையம் டிரம்பெட்

ஆம்ஸ்ட்ராங் பேரை அண்ணனே எடுத்தது நல்லதாகப் போயிற்று. ஆம்ஸ்ட்ராங் சிகாகோ போனது 1922. பூட்டுப் போட்டது 1917. ஐந்து வருடம் லேட்டாக வருகிற ரயில் காட்பாடி ஜங்ஷனில்கூடக் கிடையாது!

அந்த ஐந்து வருடம் அவர் பட்டினி கிடக்கவில்லை. ஆலிவர் விட்டுப்போன இடத்தில் கிட் ஓரியின் பேண்டில் ஊதினார். ஃபேட் மாரபிள் கோஷ்டியோடு மிசிசிப்பி ஆற்றுப் படகில் ஊதினார். ஊர்வலங்களில் ஊதினார். அந்தக் கிட் ஓரி 1919-ல் கிளம்பியது எங்கே? லாஸ் ஏஞ்சலஸ். சிகாகோ எந்தத் திசை, லாஸ் ஏஞ்சலஸ் எந்தத் திசை? இன்னொரு ஜாஸ்காரர் ஃப்ரெடி கெப்பர்டு 1914-லேயே கிளம்பிவிட்டார். ஜெல்லி ரோல் மார்ட்டன் அதற்கும் முன்னால். தெற்கே கறுப்பர்களுக்கு எதிரான கொடுமை தாங்காமல், வடக்கே ஆலைகளில் கூலி அதிகம் என்று லட்சக்கணக்கான ஜனம் கிளம்பிய காலம் அது. வாசிக்கிறவனும் அந்த ரயிலில்தான் போனான்.

இன்னொன்று. ஸ்டோரிவில் பெரிய வீடுகளில் பெரும்பாலும் ஒற்றை ஆள் பியானோதான். பேண்டுகளுக்கு அங்கே இருந்தது சில டான்ஸ் ஹால், சில குடிக்கூடம். மீதிப் பிழைப்பெல்லாம் பூங்கா, பிக்னிக், ஏரிக்கரை, ஊர்வலம், சாவு. பூட்டுப் போட்டால் சாவு நின்றுவிடுமா?

நவம்பரா, பிப்ரவரியா? இன்னும் பதில் வரவில்லை.

காட்பாடி ஹாஸ்டல்

அண்ணன்மார்களே, முதலில் ஜாஸ் என்று எதைச் சொல்கிறீர்கள்? ஊர்வல பேண்டையா, பியானோவையா, ரெக்கார்டையா? அதை முடிவு பண்ணாமல் பிறந்தது, செத்தது என்று பேசினால் எப்படி?

குடியாத்தம் குறும்பன்

தம்பி, பரீட்சைக்குப் படிக்கப் போ. பெரியவர்கள் சண்டை போடும்போது நடுவில் வராதே.

வாலாஜா வயக்காடு

ராஜபாட்டை அவர்களே, 1996 தீர்ப்பை எதற்கு இழுத்தீர்கள்? அந்த வழக்கு போட்டதே வேலூர் சிட்டிசன்ஸ் வெல்ஃபேர் ஃபோரம். எதற்குப் போட்டார்கள்? பாலாற்றில் டேனரிக் கழிவை விட்டதற்கு. எங்கள் கிணற்றுத் தண்ணீரை வாயில் வைக்க முடியாது, தென்னை காய்க்காது. நீங்கள் பட்ட பாடு என்று எழுதக் கை கூசவில்லையா?

ராணிப்பேட்டை ராஜபாட்டை

இது இசைப் பதிவு. அந்நியச் செலாவணி கொண்டுவருகிறவனைத் திட்டுகிற பதிவு இல்லை. சுத்திகரிப்பு நிலையம் போட்டுத்தான் நடத்துகிறோம்.

வாலாஜா வயக்காடு

ஒரு நாள் வந்து எங்கள் கிணற்றில் குளியுங்கள், பேசலாம்.

சாய்நாதபுரம் டு ஹூஸ்டன்

நான் இங்கே ஹூஸ்டனில் நர்ஸ். வண்டி எடுத்தால் ஆறு மணி நேரத்துக்குள் நியூ ஆர்லியன்ஸ். ராஜபாட்டை அண்ணா போர்பன் தெருவில் தலையைக் காட்டிவிட்டு ஊரையே எழுதிவிட்டார். வேலூருக்கு வந்து பழைய பஸ் ஸ்டாண்டை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்பின மாதிரி.

போர்பனிலேயே ஃப்ரிட்ஸல்ஸ் என்று ஒரு சின்னக் கடை, 1969-லிருந்து பழைய பாணி ஜாஸ் நடக்கிறது. அந்தத் தெருவிலிருந்து நாலு எட்டு வைத்தால் செயின்ட் பீட்டர் தெருவில் பிரிசர்வேஷன் ஹால். 1961-ல் தொடங்கியது. உள்ளே குடி விற்பனை கிடையாது. மரப்பெஞ்சு, கொஞ்சம் பேருக்குத் தரையில் இடம், மீதிப் பேர் நிற்க வேண்டியதுதான். முக்கால் மணி நேரத்தில் ஆட்டம் முடித்து அடுத்த கூட்டத்தை உள்ளே விடுவார்கள்.

உள்ளூர்க்காரர்கள் போவது ஃப்ரெஞ்ச்மென் தெரு. ஸ்பாட்டட் கேட் மாதிரி இடங்களில் ஒரு டிரிங்க் வாங்கிக்கொண்டு நின்று கேட்கலாம். நடுவில் ஒருவர் வாளியைத் தூக்கிக்கொண்டு சுற்றி வருவார். வாசிக்கிறவர்களுக்கு அந்த வாளிக் காசு பெரிய விஷயம், போடாமல் நகராதீர்கள். உட்கார்ந்து அமைதியாகக் கேட்க ஸ்னக் ஹார்பர், அதற்கு டிக்கெட். தெருவில் கண்ணாடி டம்ளரோடு நடக்கக் கூடாது, பிளாஸ்டிக் கப்பில் ஊற்றிக்கொண்டால் போலீசே ஒன்றும் சொல்லாது. நைட் ஷிப்ட் பார்த்துப் பழகின எனக்கே அந்த ஊர் எப்போது தூங்குகிறது என்று தெரியவில்லை.

குடியாத்தம் குறும்பன்

பிளாஸ்டிக் கப்பில் ஊற்றிக்கொண்டு தெருவில் நடக்கலாமா! அக்கா, இதை முதலிலேயே சொல்லியிருந்தால் விசாவுக்குக் கொடுத்திருப்பேனே. இங்கே பத்து மணிக்கு மேல் ஸ்பீக்கர் ஓடினால் ஜீப் வருகிறது.

ராணிப்பேட்டை ராஜபாட்டை

ஹூஸ்டன் தங்கச்சி, டூரிஸ்டுக்கு வாசிப்பதெல்லாம் ஜாஸா? அது காட்சிப் பொருள். உயிரோடு இருந்தால் எதற்கு 'பிரிசர்வேஷன்' என்று போர்டு மாட்டுகிறார்கள்? நான் ஸ்டோரிவில்லைத் தேடிப் போனேன். மருந்துக்குக்கூட இல்லை. வீடுகளை இடித்து 1940 வாக்கில் அரசாங்கக் குடியிருப்பு கட்டிவிட்டார்கள். செத்துப்போனதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்?

தோட்டப்பாளையம் டிரம்பெட்

வீடு இடிந்தால் வீடு போச்சு. ஜாஸ் எப்படிப் போகும்? அண்ணன் திரும்பத் திரும்ப அந்த ஒரு தெருவிலேயே நிற்கிறார். எதற்கு அங்கேயே மனசு போகிறது என்று அண்ணியிடம்தான் கேட்க வேண்டும்.

நான் சொல்லிவிடுகிறேன். ஜாஸ் அந்த ஊர்ச் சாவு வீட்டில் இருந்தது, இன்னும் இருக்கிறது. அங்கே ஏழை ஜனம் சங்கம் வைத்திருந்தார்கள். மாதச் சந்தா கட்டினால் நோய்க்கு டாக்டர், செத்தால் பெட்டியும் பேண்டும். கல்லறைக்குப் போகும்போது மெதுவாக, இழுத்து இழுத்து, துக்கமாக ஊதுவார்கள். உடலை விடை கொடுத்து அனுப்பியதும் டிரம்காரன் தாளத்தை மாற்றுவான். அவ்வளவுதான், குடையும் கைக்குட்டையுமாக ஜனம் பின்னாலேயே ஆடிக்கொண்டு வரும். செகண்ட் லைன் என்பது அவர்கள்தான்.

இந்தச் சங்கங்கள் இன்றும் ஞாயிற்றுக்கிழமை ஊர்வலம் விடுகின்றன. கிளெய்போர்ன் சாலையில் வரிசையாக நின்ற பெரிய ஓக் மரங்களை 1966-ல் வெட்டி, மேலே எக்ஸ்பிரஸ் பாலம் கட்டினார்கள். ட்ரெமே என்ற அந்தப் பகுதி ஜனத்துக்கு அது பெரிய அடி. இன்றைக்கும் அந்தப் பாலத்துக்கு அடியில் போய் நின்று ஊதுகிறார்கள், எதிரொலி நன்றாக வருகிறது என்று. பேண்ட் பழக்கம் தேய்ந்துகொண்டிருந்தபோது 1970 வாக்கில் டேனி பார்க்கர் என்ற பெரியவர் ஒரு சர்ச்சில் பொடிப் பையன்களைச் சேர்த்து பேண்ட் கட்டினார். 1977-ல் டர்ட்டி டஜன் என்ற பேண்ட் வந்தது, அப்புறம் ரீபர்த் பேண்ட். 2005-ல் கத்ரீனா புயல் ஊரையே மூழ்கடித்தது. கலைஞர்களில் எத்தனையோ பேர் வீடு இழந்து ஹூஸ்டன், அட்லாண்டா என்று சிதறினார்கள். திரும்பியவர்கள் திரும்பி, மறுபடி தெருவில் ஊதினார்கள்.

கத்ரீனாவுக்கே சாகாதது நவம்பர் 12-க்குச் செத்ததா? நம் ஊரில் சாவுக்கு அடிக்கிறவனை மதிக்க மாட்டோம், வெள்ளைக்காரன் ஊரில் அதையே டிக்கெட் வாங்கிப் பார்ப்போம். அது வேறு கதை. ஆனால் அண்ணனுக்குச் சாவு மேளம் என்றால் முகம் சுளிக்கும், அதனால்தான் வரலாற்றிலும் அது கண்ணில் படவில்லை.

காட்பாடி ஹாஸ்டல்

அப்படியானால் ஊர்வல பேண்டைத்தான் ஜாஸ் என்கிறீர்களா? ரெக்கார்டு வாசித்தவர்கள் வெள்ளைக்காரக் கோஷ்டி ஆயிற்றே. அவர்கள் சாவுக்கு ஊதினவர்களா?

ராணிப்பேட்டை ராஜபாட்டை

தம்பி பாயிண்டைப் பிடித்துவிட்டார்! டிரம்பெட் சார் காட்டுகிற பிப்ரவரி 26 ரெக்கார்டு வெள்ளைக்காரன் ரெக்கார்டு. அந்தக் கோஷ்டித் தலைவர் நிக் லராக்கா, கறுப்பர்களுக்கும் ஜாஸுக்கும் சம்பந்தமே இல்லை என்று பின்னாளில் பேசியவர். அவரைச் சாட்சிக்குக் கூப்பிட்டுவிட்டு எனக்குச் சமூகப் பாடம் எடுக்கிறார்.

தோட்டப்பாளையம் டிரம்பெட்

லராக்கா நல்லவன் என்று நான் எங்கே சொன்னேன்? தேதியைச் சொன்னேன். திருடன் வீட்டுக் காலண்டரிலும் பிப்ரவரிக்குப் பின்னால்தான் நவம்பர்.

குடியாத்தம் குறும்பன்

பேண்டெல்லாம் நமக்கு ஒன்றும் புதிதில்லை. வேலூர்க் கோட்டையில் 1806 புரட்சி நடந்த காலத்திலேயே சிப்பாய்கள் டிரம்பெட் ஊதிப் பழகி, அப்படியே ஊருக்குள் வந்ததுதான் நம் பேண்ட் செட். நியூ ஆர்லியன்ஸ்காரன் நமக்குப் பின்னால்தான்.

தோட்டப்பாளையம் டிரம்பெட்

குறும்பா, வாயில் வந்ததை எழுதாதே. டிரம்பெட்டுக்குச் சுரம் மாற்றுகிற வால்வு வந்ததே அதற்கு அப்புறம்தான். ஜெர்மனியில் வால்வுக்குக் காப்புரிமை வாங்கியது 1818. அதற்கு முன்னால் சாதாரண டிரம்பெட்டில் எல்லாச் சுரமும் வராது. 1806-ல் கோட்டையில் இருந்தது முரசும் ஃபைஃப் குழலும் வால்வு இல்லாத பியூகிளும்தான். பட்டாளத்துப் பழக்கம் ஊருக்குள் வந்தது உண்மை, அது பிற்பாடு.

குடியாத்தம் குறும்பன்

பியூகிளும் ஊதுவதுதானே?

தோட்டப்பாளையம் டிரம்பெட்

சங்குகூட ஊதுவதுதான். அதை வைத்துக் கல்யாணப் பாட்டு வாசித்துக் காட்டு.

சாய்நாதபுரம் டு ஹூஸ்டன்

டூரிஸ்ட் இல்லாத இடம் கேட்டார் அண்ணா. நியூ ஆர்லியன்ஸின் அப்டவுன் பகுதியில் மேப்பிள் லீஃப் பார் இருக்கிறது. ரீபர்த் பேண்ட் பல வருடங்களாகச் செவ்வாய்க்கிழமை அங்கே வாசித்தார்கள். வந்த கூட்டத்தில் பாதிக்கு மேல் உள்ளூர் முகம்தான். ஆனால் எல்லாம் சுகம் என்று நானும் சொல்ல மாட்டேன். 2010-ல் ராத்திரி எட்டு மணிக்கு மேல் தெருவில் ஊதக் கூடாது என்று பழைய சட்டத்தைத் தூசி தட்டிப் போலீஸ் வந்தது. வாடகையும் ஏறிவிட்டது. போர்பன் தெரு இருக்கிற பிரெஞ்சு குவார்ட்டரில் வாசிக்கிறவர்கள் அங்கே குடியிருக்க முடியாமல் தூரத்திலிருந்து வருகிறார்கள்.

ராணிப்பேட்டை ராஜபாட்டை

பாருங்கள், தங்கச்சியே ஒத்துக்கொண்டார். செத்துவிட்டது.

சாய்நாதபுரம் டு ஹூஸ்டன்

நான் எங்கே ஒத்துக்கொண்டேன்? வாடகை ஏறியது என்றேன். சத்துவாச்சாரியிலும்தான் ஏறியது.

நிர்வாகி

தனிநபர் தாக்குதல் வேண்டாம். அண்ணியை இழுத்த வரியை டிரம்பெட் நீக்கவும். பாலாறு பேச வேறு பதிவு இருக்கிறது.

வாலாஜா வயக்காடு

அந்தப் பதிவைப் பூட்டியவரே நீங்கள்தானே.

தோட்டப்பாளையம் டிரம்பெட்

அண்ணியே லைக் போட்டிருக்கிறார், நான் ஏன் நீக்க வேண்டும்? அது கிடக்கட்டும். நவம்பர் முந்தியா, பிப்ரவரி முந்தியா? அண்ணன் டேனரி சொன்னார், போர்டு சொன்னார், லராக்கா சொன்னார். இதற்கு மட்டும் வாய் திறக்கவில்லை.

ராணிப்பேட்டை ராஜபாட்டை

பிப்ரவரி, பிப்ரவரி என்று குதிக்கிறவருக்கு நேரம் என்றால் என்னவென்று தெரியுமா? என் தங்கை கல்யாண ரிசப்ஷனுக்கு ஆறு மணிக்கு வரச் சொன்னோம். உங்கள் செட் வந்தது ஏழரைக்கு. அதிலும் கிளாரினெட்காரர் வரவில்லை. மாப்பிள்ளை கார் மண்டப வாசலில் எஞ்சின் ஓட நின்றுகொண்டிருந்தது.

தோட்டப்பாளையம் டிரம்பெட்

முன்பணம் தந்துவிட்டு மீதியை இன்று நாளை என்று இழுத்தது யார்? கிளாரினெட்காரர் அதனால்தான் வரவில்லை. அந்தப் பாக்கி இன்னும் வரவில்லை. கணக்கு நோட்டை போட்டோ எடுத்து இங்கேயே போடட்டுமா?

ராணிப்பேட்டை ராஜபாட்டை

போடுங்கள். ஒன்றரை மணி நேரம் கழித்துக்கொண்டுதான் தருவேன்.

குடியாத்தம் குறும்பன்

நிர்வாகி சார், தயவுசெய்து இந்தப் பதிவை மட்டும் பூட்டாதீர்கள்.