அப்பாவிடம் மன்னிப்பைப் பற்றி எப்படிப் பேசுவது?

எல்லாருக்கும் தோத்திரம். எங்களுக்குத் தரங்கம்பாடி பக்கம் ஒரு கிராமம், 1706-இல் ஜெர்மன் மிஷனரி சீகன்பால்கு வந்து இறங்கிய கரை, லுத்தரன் குடும்பம். அப்பாவுக்கு வயது 78. சில மாதமாகக் கோயிலில் அப்பமும் ரசமும் வாங்கும் திருவிருந்துக்கு எழுந்து போகாமல் பெஞ்சிலேயே தலை குனிந்து உட்கார்ந்திருக்கிறார்.

போன வாரம்தான் காரணம் சொன்னார். ரொம்ப வருஷத்துக்கு முன்னால், குறுவைக்கு முறை வைத்துத் தண்ணீர் விட்ட சமயம், ராத்திரியில் போய் பக்கத்து வயல்காரரின் மடையை அடைத்து, வரப்பை வெட்டி எங்கள் பக்கம் திருப்பிவிட்டாராம். அவருடைய நாற்றங்கால் காய்ந்துபோனது. அந்த மனிதர் இப்போது உயிரோடு இல்லை.

ஆதாமின் பாவம், வேதத்தில் ரோமர் 5, கிறிஸ்து விலை கொடுத்து மீட்டது என்று எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். "எல்லாரும் பாவிங்கிறது வேற, நான் மண்வெட்டியால வெட்டுனது வேறடா" என்கிறார். எனக்குப் பதில் வரவில்லை.

மீட்பு நாம் சம்பாதிப்பது இல்லை, கிருபை என்றுதான் படித்திருக்கிறோம். ஆனால் லூக்கா 19-இல் வரி வசூலிக்கும் சகேயு, இயேசு வீட்டுக்கு வந்த பிறகு, அநியாயமாய் வாங்கியதை நாலு மடங்காகத் திருப்பித் தருகிறேன் என்கிறானே? அப்படியானால் அப்பா அந்த வயல்காரரின் பிள்ளைகளிடம் போய்ச் சொல்ல வேண்டுமா, இல்லை போதகர் ஐயாவிடம் தனியாகப் பாவ அறிக்கை செய்தால் போதுமா?

வயதானவர்களோடு இப்படி உட்கார்ந்து பேசிய அனுபவம் இருப்பவர்கள் தயவுசெய்து எழுதுங்கள். அவருக்குக் கண் சரியாகத் தெரியாது, ராத்திரி நான்தான் வாசித்துக் காட்டுகிறேன், எந்தப் பகுதியில் தொடங்கலாம் என்றும் சொல்லுங்கள். வருகிற ஞாயிறும் திருவிருந்து இருக்கிறது.